நூல் அறுந்தால் நிற்கும் தறி: கைசன் வந்த கதை

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. இரண்டு பத்தி படித்துவிட்டு 'அருமை ஐயா' என்று போட்டுவிட்டுப் போய்விடாமல், நேரம் கிடைக்கும்போது நிதானமாக முழுவதும் படியுங்கள்.

என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேர் இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், அம்பத்தூர், ஓசூர் என்று ஏதாவது ஒரு தொழிற்சாலையில் இருக்கிறீர்கள். போனில் பேசும்போதும் கல்யாண வீடுகளில் பார்க்கும்போதும் உங்கள் வாயில் அடிக்கடி வரும் சொற்கள் 'கைசன்', 'ஃபைவ் எஸ்', 'லீன்'. ஒருவன் பெருமையாகச் சொல்கிறான்: "என் யோசனைக்கு மேனேஜர் கையால சர்டிபிகேட் வாங்கினேன் ஐயா." இன்னொருவன் சலித்துக்கொள்கிறான்: "மாசத்துக்கு ரெண்டு கைசன் எழுதிக் கொடுத்தே ஆகணும் ஐயா. எழுதிக் கொடுத்தா, பத்து பேர் செய்யற வேலைக்கு எட்டு பேர் போதும்னு ரெண்டு கான்ட்ராக்ட் பசங்களை நிறுத்திடறாங்க. அப்புறம் எந்த மனசோட அடுத்ததை எழுதறது?"

இருவருமே பொய் சொல்லவில்லை. ஒரே சொல் ஒருவனுக்குப் பெருமையாகவும் இன்னொருவனுக்குப் பயமாகவும் இருப்பது ஏன்? ஓய்வுபெற்ற பிறகு நூலகத்தில் தேடியும், மகன் வாங்கித் தந்த புத்தகங்களைப் படித்தும் இதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். வரலாற்றைப் பார்த்தால் விடை தெளிவாகவே கிடைக்கிறது.

தறியில் தொடங்கியது

கைசன் என்றால் கார் கம்பெனி ஞாபகம்தான் வரும். ஆனால் கதை தொடங்குவது காரில் இல்லை, தறியில்.

நான் நெசவாளர் தெருவில் பிறந்தவன். பாவு இழை ஒன்று அறுந்ததைக் கவனிக்காமல் நெய்துகொண்டே போனால், துணியில் நெடுக ஒரு கோடு விழுந்துவிடும். கைத்தறியில் உட்கார்ந்திருப்பவர் கண் அதைப் பிடித்துவிடும். நிறுத்தி, இழையைப் பிணைத்து, பிறகுதான் நாடாவை ஓட்டுவார். விசைத்தறி வந்தபோது அந்தக் கண் போய்விட்டது. இழை அறுந்தது இயந்திரத்துக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஓடும், கெட்ட துணியை நெய்து தள்ளும். அதைப் பார்த்துக்கொண்டே நிற்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

ஜப்பானில் 1867இல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர் சகிச்சி டொயோடா. கிராமத்தில் தாயும் மற்றப் பெண்களும் தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர். 1891இல் மரத்தாலான ஒரு கைத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு வாழ்நாள் முழுவதும் தறியைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1924இல் அவர் முடித்த 'ஜி வகை' தானியங்கித் தறி, இழை அறுந்தால் தானாகவே நின்றுவிடும். ஊடை நூல் தீர்ந்தால், ஓட்டத்தை நிறுத்தாமலே நாடாவை மாற்றிக்கொள்ளும். இனி ஒரு தறிக்கு ஓர் ஆள் காவல் நிற்க வேண்டியதில்லை. ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். நெசவு இயந்திரங்களின் தாயகமான இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனமே 1929இல் 1,00,000 பவுன் கொடுத்து இந்தத் தறியின் உரிமையை வாங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு ஜப்பானிய மொழியில் 'ஜிடோகா' என்று பெயர். 'தானியங்கி' என்ற சொல்லை எழுதும்போது, நடுவில் 'மனிதன்' என்னும் குறியைச் சேர்த்து எழுதுவார்கள். மனிதனின் கண்ணும் புத்தியும் சேர்ந்த தானியங்கி என்று பொருள்.

இங்கே ஒரு கருத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தவறு நடந்தால் ஓட்டத்தை நிறுத்து. தவறை அடுத்த இடத்துக்கு அனுப்பாதே. மனிதனைக் காவல்காரனாக வைக்காதே, யோசிக்கிறவனாக வை. பின்னால் வந்ததெல்லாம் இந்த விதையிலிருந்து முளைத்ததுதான்.

ஒன்பது பேருக்கு ஒருவர்

சகிச்சியின் மகன் கீச்சிரோ. தந்தையின் தறிக் கம்பெனிக்குள்ளேயே 1933இல் கார் பிரிவைத் தொடங்கினார். 1937இல் அது டொயோட்டா மோட்டார் என்று தனி நிறுவனமாயிற்று. தேவையான பொருள், தேவையான நேரத்தில், தேவையான அளவு மட்டும் வரவேண்டும் என்னும் 'ஜஸ்ட் இன் டைம்' எண்ணம் இவருடையது. அதை நடைமுறையாக்கியவர் வேறொருவர். அவர் தாய்ச்சி ஓனோ.

ஓனோ 1912இல் பிறந்தவர். முதலில் டொயோடாவின் நூற்பு, நெசவு ஆலையில் வேலை பார்த்து, 1943இல் கார் கம்பெனிக்கு வந்தவர். போருக்கு முன்பு கேட்ட ஒரு கணக்கைப் பற்றிப் பின்னாளில் தன் நூலில் எழுதியிருக்கிறார். ஒரு ஜெர்மானியத் தொழிலாளி மூன்று ஜப்பானியர் வேலையைச் செய்கிறார், ஓர் அமெரிக்கர் மூன்று ஜெர்மானியர் வேலையைச் செய்கிறார் என்பது அந்தக் கணக்கு. அப்படியானால் ஓர் அமெரிக்கருக்கு ஒன்பது ஜப்பானியர்!

வேறு யாராக இருந்தாலும் 'நம்மாட்கள் சோம்பேறிகள்' என்று முடிவு கட்டியிருப்பார்கள். ஓனோ அப்படி நினைக்கவில்லை. ஒரு மனிதன் இன்னொருவனைவிட ஒன்பது மடங்கு உடல் உழைப்பைப் போட முடியுமா? முடியாது. அப்படியானால் நம் ஆள் நாள் முழுவதும் படும் பாட்டில் பெரும்பகுதி எங்கோ வீணாகப் போகிறது. ஆளைத் திட்டுவதை விட்டுவிட்டு, வீணாவது எது என்று தேடு. கைசனின் அடிப்படையே இந்தப் பார்வை மாற்றம்தான். பரீட்சையில் வகுப்பே தோற்றால் பிள்ளைகள் எல்லாரும் மக்கு என்று சொல்வதா, பாடம் நடந்த விதத்தைப் பார்ப்பதா என்பது போன்ற கேள்வி இது.

1950: ஒரு கசப்பான ஒப்பந்தம்

இப்போது, உங்கள் தொழிற்சாலைப் பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலும் சொல்லாமல் விடும் பகுதிக்கு வருகிறேன்.

போரில் தோற்ற ஜப்பானில் பணவீக்கத்தை அடக்க, அமெரிக்க ஆலோசகர் ஜோசப் டாட்ஜ் 1949இல் கடுமையான சிக்கனத் திட்டம் கொண்டுவந்தார். கடன் வறண்டது. லாரி விற்பனை விழுந்தது. டொயோட்டா திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டது. சம்பளக் குறைப்புக்கு ஒப்புக்கொண்டால் ஆட்குறைப்பு இராது என்று கீச்சிரோவின் நிர்வாகம் தொழிற்சங்கத்துக்குச் சொல்லியிருந்தது. ஆனால் நிலைமை கைமீறிப்போனது. 1950 ஏப்ரலில் தொடங்கிய போராட்டம் ஜூன் வரை நீடித்தது. முடிவில் ஏறத்தாழ 2,000 பேர் வேலையை விட்டுப் போனார்கள். அதற்குப் பொறுப்பேற்று, கம்பெனியை உருவாக்கிய கீச்சிரோ தாமும் பதவி விலகினார். 1952இல், 57 வயதில் காலமானார்.

தொழிலாளர் போனபோது முதலாளியும் போனார் என்பதைக் கவனியுங்கள். ஜூன் கடைசியில் கொரியப் போர் மூண்டது. அமெரிக்க ராணுவத்தின் லாரி ஆர்டர்கள் வந்து கம்பெனி பிழைத்தது. ஆனால் அந்த ஆண்டின் காயம் இரு தரப்பிலும் ஆறவில்லை. மிஞ்சியிருந்தவர்களுக்கு வேலை நிரந்தரம், பதிலாக வேலை செய்யும் முறையை மாற்ற அவர்கள் ஒத்துழைப்பார்கள் என்ற புரிதல் மெல்ல மெல்ல உருவாயிற்று. 1962இல் நிர்வாகமும் சங்கமும் சேர்ந்து கூட்டறிக்கையே வெளியிட்டன.

இந்தப் புரிதல் இல்லாமல் ஓனோவின் முறை ஒரு நாள்கூட ஓடியிருக்காது. தன் யோசனையே தன் வேலைக்கு உலை வைக்கும் என்றால் யார் யோசனை சொல்வார்கள்? சொந்தக் கிணற்றை யாராவது தூர்ப்பார்களா?

பட்டறையில் நடந்த பாடங்கள்

எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கு வருகிறது. டொயோட்டா 13 ஆண்டுகள் பாடுபட்டு 1950 வரை செய்த கார்கள் மொத்தம் 2,685. அமெரிக்காவில் ஃபோர்டின் ரூஜ் தொழிற்சாலை ஒரே நாளில் செய்தது 7,000. கீச்சிரோவின் உறவினரான எய்ஜி டொயோடா 1950இல் அந்தத் தொழிற்சாலைக்கே போய்ப் பல வாரங்கள் சுற்றிப் பார்த்தார். இதை அப்படியே ஜப்பானில் செய்ய முடியாது என்று தெரிந்தது. பணம் இல்லை, இடம் இல்லை, அவ்வளவு கார் வாங்க ஆளும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, பலவகைக் கார்களை, வீணில்லாமல் செய்தாக வேண்டும்.

அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளைப் பற்றிக் கேள்விப்பட்ட ஓனோ, அதிலிருந்து ஒரு வழி கண்டார். கடையில் வாடிக்கையாளர் எடுத்த பொருளின் இடத்தை மட்டும்தான் கடைக்காரர் நிரப்புகிறார். தொழிற்சாலையிலும் அடுத்த கட்டத்தில் இருப்பவர் வாடிக்கையாளர். அவர் எடுத்ததை மட்டும் முந்தைய கட்டத்தில் இருப்பவர் செய்தால் போதும். அதைத் தெரிவிக்க ஓர் அட்டை. அதுதான் 'கான்பான்'. 1960களின் தொடக்கத்தில் கம்பெனி முழுவதும் இது பரவியது.

நம் பள்சிச் சத்துணவு மையத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும். காலையில் வருகைப் பதிவு எடுத்த பிறகு, இன்று எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டுதான் சத்துணவு அமைப்பாளர் அரிசி அளப்பார். பதிவேட்டில் 120 பெயர் இருக்கிறது என்று 120 பேருக்கு உலை வைத்தால், 90 பேர் வந்த நாளில் சோறு வீணாகும். வகுப்பறை கேட்கிறது, அடுப்பு கொடுக்கிறது. ஓனோ செய்ததும் அதுவே.

ஓனோ வீணானவற்றை ஏழாகப் பிரித்தார். 'முடா' என்பது அதற்குப் பெயர். தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, பொருளைச் சுமந்து திரிவது, வேண்டாத வேலையைச் செய்வது, சரக்கைக் குவித்து வைப்பது, வீண் அசைவு, பழுதான பொருள். ஏழில் கொடியது தேவைக்கு மேல் செய்வதுதான் என்றார். மற்ற ஆறையும் அதுதான் மறைத்துவைக்கும். கிடங்கு நிறையச் சரக்கு இருந்தால், கெட்டுப்போன இயந்திரத்தைப் பற்றி யாருக்கும் கவலை வராது. ஏரியில் தண்ணீர் வற்றினால்தான் அடியில் இருக்கும் பாறை தெரியும்.

'முடா'வை எல்லோரும் சொல்வார்கள். அதோடு இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. 'முரா' என்றால் ஒருநாள் அதிகம் ஒருநாள் குறைவு என்னும் சீரின்மை. 'முரி' என்றால் ஆளின் மீதோ இயந்திரத்தின் மீதோ தாங்க முடியாத சுமையை ஏற்றுவது. மூன்றையும் சேர்த்தே நீக்க வேண்டும் என்பதுதான் டொயோட்டா பாடம். முடாவைக் குறைக்கிறேன் என்று முரியை ஏற்றினால் அது கைசன் ஆகாது. இந்த மூன்றாவது சொல்லை உங்களில் எத்தனை பேர் பயிற்சி வகுப்பில் கேட்டிருக்கிறீர்கள்?

'ஏன்' என்று ஐந்து முறை கேட்பதும் ஓனோவின் வழக்கம். அவர் நூலில் தரும் எடுத்துக்காட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இயந்திரம் நின்றது ஏன்? சுமை கூடி ஃபியூஸ் போனது. சுமை கூடியது ஏன்? பேரிங்கில் எண்ணெய்ப் பசை போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன்? வடிகட்டி இல்லாததால் இரும்புத்தூள் உள்ளே போய்விட்டது. முதல் கேள்வியோடு நின்றிருந்தால் புது ஃபியூஸ் போட்டிருப்பார்கள், அடுத்த வாரம் மறுபடி போயிருக்கும். ஐந்தாவது கேள்வியில் கிடைத்தது ஒரு வடிகட்டி. ஐந்தில் ஒரு கேள்விகூட 'யார்' என்று கேட்கவில்லை என்பதைப் பாருங்கள்.

ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் செய்த வேலையும் சுவையானது. 1969இல் டொயோட்டாவின் 1,000 டன் பிரஸ் ஒன்றில் அச்சு மாற்ற 4 மணி நேரம் ஆயிற்று. நிறுத்தித்தான் செய்ய வேண்டிய வேலை எது, ஓடும்போதே தயாராக வைத்துக்கொள்ளக்கூடிய வேலை எது என்று பிரித்தார். முதலில் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. பிறகு 3 நிமிடம்! தாளிக்க எண்ணெய் காய்ந்த பிறகா கடுகு டப்பாவைத் தேடுவோம்? வீட்டில் பெண்கள் என்றோ கண்டுபிடித்ததுதான் இது.

ஆசிரியர் பயிற்சியும் தொழிற்சாலையும்

இந்தப் பகுதி என் மனத்துக்கு நெருக்கமானது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவமில்லாத ஆண்களும் பெண்களும் லட்சக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு விரைவாகக் கற்பிக்க அந்நாட்டு அரசு 'டி.டபிள்யூ.ஐ.' என்னும் பயிற்சித் திட்டத்தை நடத்தியது. வேலை கற்பிப்பது எப்படி, வேலை முறையைத் திருத்துவது எப்படி, ஆட்களோடு பழகுவது எப்படி என்று மேற்பார்வையாளருக்கு மூன்று பாடங்கள். போர் முடிந்ததும் அமெரிக்கா அதைக் கைவிட்டது. ஆனால் அதே திட்டம் ஜப்பானுக்குப் போய், 1951 முதல் டொயோட்டாவில் வேரூன்றியது.

அதில் வேலை கற்பிக்கும் முறைக்கு நான்கு படிகள். கற்பவரை ஆயத்தம் செய், செய்து காட்டு, அவரைச் செய்யவிடு, பின்தொடர்ந்து பார். முதல் உலகப் போர்க் காலத்தில் கப்பல் கட்டும் தொழிலாளருக்காகச் சார்லஸ் ஆலன் வகுத்த படிகள் இவற்றுக்கு மூலம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த காலத்தில் ஹெர்பார்ட்டின் படிகள் என்று பாடக்குறிப்பில் எழுதி எழுதிக் கை வலித்த அதே ஆயத்தம், அதே எடுத்துரைத்தல், அதே பயன்படுத்துதல்! கற்பவர் கற்கவில்லை என்றால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை என்றுதான் பொருள் என்பது அந்தத் திட்டத்தின் தாரக மந்திரம். சூப்பர்வைசராக இருக்கும் என் மாணவர்கள் இதை எழுதி மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் டெமிங், 1950இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கத்தின் அழைப்பில் வந்து தரக் கட்டுப்பாடு பற்றி விரிவுரைகள் நடத்தினார். விரிவுரைகளின் நூல் உரிமைத் தொகையை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அதை வைத்து 1951இல் உருவானதே டெமிங் பரிசு. அதே ஆண்டில் டொயோட்டா, ஃபோர்டில் பார்த்த வழக்கத்தைத் தழுவித் தொழிலாளர் யோசனைத் திட்டத்தைத் தொடங்கியது. 1962 முதல் 'க்யூ.சி. சர்க்கிள்' என்னும் சிறு குழுக்கள் ஜப்பான் முழுவதும் பரவின. டொயோட்டா 1965இல் டெமிங் பரிசு பெற்றது.

டெமிங் பின்னாளில் நிர்வாகிகளுக்குச் சொன்ன 14 அறிவுரைகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன். தொழிற்சாலையிலிருந்து பயத்தை விரட்டுங்கள். சுவரில் எழுதும் முழக்கங்களை அழியுங்கள். எண்ணிக்கை இலக்குகளை விட்டொழியுங்கள். மாதம் இரண்டு கைசன் கட்டாயம் என்று கேட்பவர்கள், டெமிங் படத்தையும் சுவரில் மாட்டியிருப்பார்கள்!

அதே ஆட்கள், வேறு தொழிற்சாலை

'ஜப்பான்காரன் பழக்கம் வேறு, நமக்கு ஒத்துவராது' என்று சொல்பவர்களுக்குப் பதில் கலிபோர்னியாவில் இருக்கிறது.

ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் தொழிற்சாலை, அமெரிக்காவிலேயே மோசமானது என்று பேரெடுத்தது. எந்த நாளிலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். குடி, சண்டை, ஆயிரக்கணக்கில் புகார் மனுக்கள். 1982இல் மூடிவிட்டார்கள். டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 1984இல் 'நும்மி' என்ற பெயரில் அதை மறுபடி திறந்தன. எடுத்த தொழிலாளரில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள், அதே சங்கம். நூற்றுக்கணக்கானவர்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். பழுதைக் கண்டால் தொழிலாளியே கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம் என்றார்கள். பழைய தொழிற்சாலையில் வரிசையை நிறுத்துவது மகா பாவம். இப்போது இழுத்தால் குழுத்தலைவர் ஓடிவந்து 'என்ன உதவி வேண்டும்' என்று கேட்டார். சகிச்சியின் தறி மனித வடிவில் வந்தது போல!

ஓரிரு ஆண்டுகளில் அந்தத் தொழிற்சாலையின் தரம் ஜப்பானியத் தொழிற்சாலைக்கு இணையாக வந்துவிட்டது. ஆட்கள் மாறவில்லை, முறைதான் மாறியது.

அதைவிட முக்கியமான சம்பவம் 1988 வாக்கில் நடந்தது. கார் விற்பனை விழுந்து, தொழிற்சாலையின் திறனில் 60 சதவீதத்துக்கும் குறைவாகவே வேலை இருந்தது. ஆட்குறைப்பு கடைசி வழியாகத்தான் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். ஒருவரையும் அனுப்பவில்லை. உபரி ஆட்களைப் பயிற்சிக்கும் கைசன் குழுக்களுக்கும் மாற்றினார்கள். நிர்வாகம் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் என்று தொழிலாளர் நம்பியது அன்றுதான்.

நும்மியும் நிரந்தரமல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 2009இல் திவாலாகி விலகியது. டொயோட்டாவும் கைவிட, 2010 ஏப்ரலில் தொழிற்சாலை மூடப்பட்டு 4,500க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். நல்லதைச் சொல்லும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும்.

'லீன்' என்ற சொல்லும் இங்கிருந்து வந்ததுதான். நும்மியில் பொறியாளராக இருந்த ஜான் கிராஃப்சிக் 1988இல் எழுதிய கட்டுரையில் அதைப் பயன்படுத்தினார். 1990இல் வந்த எம்.ஐ.டி. நூல் உலகெங்கும் பரப்பியது. அதற்கு முன்பே 1986இல் மசாக்கி இமாய் எழுதிய 'கைசன்' என்னும் ஆங்கில நூல் அந்தச் சொல்லை ஊரறியச் செய்திருந்தது.

பாடிக்கு வந்த பரிசு

நம் ஊருக்கு வருவோம். சென்னை பாடியின் சுந்தரம் கிளேட்டன், டி.வி.எஸ். குழுமத்தைச் சேர்ந்த, அன்று பிரேக் தயாரித்த நிறுவனம். 1962இல் தொடங்கியது. 1991க்குப் பிறகு வெளிநாட்டுப் போட்டி வந்தபோது தாக்குப்பிடிக்க வேண்டுமே! ஜப்பானியப் பேராசிரியர்களை வரவழைத்து, ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டார்கள். 1998இல் அதன் பிரேக் பிரிவு டெமிங் பரிசு பெற்றது. இந்தியாவில் முதன்முதலாக அந்தப் பரிசு வந்தது பாடிக்குத்தான்! பிறகு வரிசையாக வந்தது. 2001இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002இல் டி.வி.எஸ். மோட்டார், 2003இல் ரானே பிரேக் லைனிங்ஸ், சோளிங்கரில் உள்ள பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்படப் பிரிவு, 2004இல் லூகாஸ் டி.வி.எஸ். உலக வரைபடத்தில் தமிழ்நாடு இந்த வகையில் தனி இடம் பிடித்தது, சாமானியத் தொழிலாளர்களின் கைவேலையாலும் கைசனாலும். உங்களில் சிலரின் அப்பாக்கள் அதில் பங்கெடுத்தவர்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

நிழலும் உண்டு

வரலாறு சொல்பவன் வெளிச்சத்தை மட்டும் காட்டினால் அது விளம்பரம் ஆகிவிடும்.

சத்தோஷி கமாட்டா என்ற பத்திரிகையாளர் 1972இல் ஆறு மாத ஒப்பந்தத் தொழிலாளியாக டொயோட்டாவில் சேர்ந்து, வரிசையின் வேகத்தில் உடலும் மனமும் நொறுங்குவதை நாட்குறிப்பாக எழுதினார். நிரந்தரத் தொழிலாளிக்கு இருந்த பாதுகாப்பு அவரைப் போன்ற தற்காலிக ஆட்களுக்கு இல்லை. ஒப்பந்தப் பணியில் இருக்கும் என் மாணவர்களுக்கு இது புதுக்கதை அல்ல.

2002இல் டொயோட்டாவில் தரப் பிரிவில் இருந்த 30 வயது இளைஞர் ஒருவர், விடியற்காலை தொழிற்சாலையிலேயே சரிந்து விழுந்து இறந்தார். அதிக வேலையால் வந்த சாவு என்று அவர் மனைவி வழக்குத் தொடுத்தார். க்யூ.சி. சர்க்கிள், யோசனைத் திட்டம் எல்லாம் தொழிலாளி விருப்பப்பட்டுச் செய்வது, அது வேலை நேரம் ஆகாது என்பது எதிர்த்தரப்பு வாதம். நகோயா நீதிமன்றம் 2007இல் அதை ஏற்கவில்லை. அந்த நேரத்தையும் சேர்த்து, கடைசி மாதத்தில் 106 மணி நேரம் மிகைவேலை என்று கணக்கிட்டது. அடுத்த ஆண்டு முதல் சர்க்கிள் நேரத்துக்கும் சம்பளம் என்று டொயோட்டா தன் விதியை மாற்றிக்கொண்டது.

இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்றும் உண்டு. 1997 பிப்ரவரி 1 அன்று ஐசின் நிறுவனத்தின் கரியா தொழிற்சாலை எரிந்தது. டொயோட்டாவின் பிரேக்குக்கான சிறு வால்வு ஏறத்தாழ முழுவதும் அங்கேதான் தயாரானது. கையிருப்போ மிகச் சொற்பம். டொயோட்டாவின் வரிசைகள் நின்றுபோயின. இருப்பே வைக்காத முறையின் ஆபத்து ஊர் சிரிக்க வெளிப்பட்டது. ஆனால் அக்கம்பக்கத்துச் சிறு நிறுவனங்கள் பல, இதுவரை அந்த வால்வையே செய்யாதவை, வரைபடத்தை வாங்கிக்கொண்டு இரவு பகலாக இறங்கின. சில நாட்களிலேயே வால்வுகள் வரத் தொடங்கின. ஒரு வாரத்துக்குள் பெரும்பாலான வரிசைகள் ஓடின. இக்கட்டில் கைகொடுத்தது ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கற்ற உறவு.

உங்களுக்கு நான் சொல்வது

ஆக, கைசனுக்கு இரண்டு கால்கள். ஒன்று வீணைக் குறைப்பது. மற்றொன்று மனிதனை மதிப்பது. ஒற்றைக் காலில் நொண்டும் கைசனைத்தான் உங்களில் பலர் பார்க்கிறீர்கள்.

ஒரு தொழிற்சாலையில் இருப்பது உண்மையான கைசனா என்று அறிய மூன்று கேள்விகள் போதும். முதலாவது, மிச்சமான ஆள் எங்கே போகிறான்? வேறு வேலைக்கா, வாசலுக்கா? ஓனோவின் வழிவந்தவர்கள், வேலை மிச்சமானால் குழுவிலேயே திறமையான ஆளை முதலில் எடுத்து முன்னேற்ற வேலைக்கு அனுப்பு என்பார்கள். அப்போதுதான் வெளியே எடுப்பது பரிசாகும், தண்டனையாகாது. இரண்டாவது, கயிற்றை இழுத்தவனுக்குக் கிடைப்பது உதவியா, திட்டா? மூன்றாவது, யோசிக்கும் நேரம் யாருடைய நேரம்? கம்பெனியுடையதா, அவன் தூக்கத்திலிருந்து திருடியதா?

தொழிலாளியாக இருப்பவர்களுக்கு: நோட்டீஸ் போர்டுக்காக எழுதும் கைசனை விடுங்கள். உங்கள் இடுப்பு வலியைக் குறைக்கும் மேடை உயரம், பத்து தப்படி நடையை இரண்டாக்கும் கருவிப் பலகை, பக்கத்து ஆளின் விரலைக் காப்பாற்றும் தடுப்பு என்று உங்களுக்குப் பயன்படும் மாற்றத்தில் தொடங்குங்கள். அதுவும் முடாதான், முரியும்தான். எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

சூப்பர்வைசராகவும் மேனேஜராகவும் இருப்பவர்களுக்கு: கணக்கு பார்க்கும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. இரண்டு பேர் சம்பளம் மிச்சம் என்று மேலே எழுதி அனுப்பும் முன்பு, அந்த இருவரை அடுத்த ஆண்டு விரிவாக்கத்துக்குப் பயிற்றுவித்தால் என்ன கிடைக்கும் என்று இன்னொரு தாளில் எழுதிப் பாருங்கள். மேலிடம் உங்கள் பேச்சைக் கேட்காமல் போகலாம். ஆனாலும் அந்தத் தாளை எழுதி வையுங்கள், அனுப்புங்கள். ஆட்களின் மனத்தில் இருக்கும் யோசனை விலைமதிப்பில்லாத சரக்கு. பயம் வந்த இடத்தில் அது வெளியே வராது. தொழிற்சாலையில் எட்டாவதாக ஒரு வீண் இருக்கிறதென்றால் அது இதுதான்.

யாராவது தங்கள் இடத்தில் உண்மையிலேயே பயன்பட்ட ஒரு சின்ன மாற்றத்தைச் செய்திருந்தால் எனக்கு எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், என்ன செய்தீர்கள், யாருக்கு வலி குறைந்தது என்று மட்டும் எழுதுங்கள். படித்துவிட்டு அவசியம் பதில் போடுகிறேன்.